கடைசி எழுத்தைப் பிடி! அடுத்த பாட்டைப் பாடு!

ஒருவர் பாடுகிறார். பாட்டு முடிகிறது. கடைசி எழுத்து எதுவோ, அந்த எழுத்தில் அடுத்தவர் பாட்டைத் தொடங்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பாட்டு வர வேண்டும். வராவிட்டால் தோல்விதான்!

இந்த விளையாட்டு தெரியாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இருக்காது. கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் இது நடக்கும். சுற்றுலா பஸ்சில் நடக்கும். மின்சாரம் போன இரவில், மொட்டை மாடியில் பாயை விரித்ததும் நடக்கும்.

சிலர் இதைப் "பாட்டுக்குப் பாட்டு" என்பார்கள். சிலர் "அந்தாக்ஷரி" என்பார்கள். அது வடமொழிச் சொல். "அந்த்யம்" என்றால் கடைசி. "அக்ஷரம்" என்றால் எழுத்து.

சினிமா வந்த பிறகு வந்த விளையாட்டு இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதன் வேர் மிகவும் பழையது. அந்த வேரில் ஒரு பெரிய பகுதி சிதம்பரத்திலும் அதன் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறது.

ஒரு காலத்தில் தமிழ்ப் பாட்டுக்கள் காணாமல் போயின. சிலவற்றைக் கறையான் தின்றது. சிலவற்றை ஜனங்கள் மறந்து விட்டார்கள். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பேரை மரபு சொல்கிறது. இரண்டு பேருமே இன்றைய கடலூர் மாவட்டத்துக்காரர்கள்!

அந்தக் கதைக்குப் போகும் முன்பு, விளையாட்டைக் கொஞ்சம் பார்ப்போம்.

ரெயிலில் ஆட்டம்

கடலூர் துறைமுகம் சந்திப்பில் பாசஞ்சர் ரெயில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஊர்கள் வரும். அப்புறம் சிதம்பரம். ஓர் ஆட்டம் ஆட அந்த நேரம் போதும்.

ஜன்னல் பக்கம் ஒரு கட்சி. எதிர்ப் பக்கம் ஒரு கட்சி. வீட்டில் பெரியவர் யாரோ, அவர் நடுவர்.

நடுவர் "ம" என்று ஆரம்பித்துக் கொடுப்பார். "மலர்" என்று தொடங்கும் பாட்டு வரும். அது "ம்" என்று முடிந்தால், புள்ளியை எடுத்து விட்டு மறுபடியும் "ம". இப்படி நாலு தடவை "ம" வந்தால் எதிர்க் கட்சிக்கு மூச்சு முட்டும்! தெரிந்த "ம" பாட்டு எல்லாம் தீர்ந்து போகும். ஒரு தடவை பாடிய பாட்டை மறுபடி பாடக் கூடாது அல்லவா?

கெட்டிக்காரர்கள் இதைத் தெரிந்து கொண்டு ஆடுவார்கள். தனக்குப் பாட்டு வந்ததா என்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பாட்டு எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்ப்பார்கள். எதிரிக்குக் கஷ்டமான எழுத்தைக் கொடுக்கும் பாட்டாகப் பார்த்து எடுத்து விடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நமக்கு 500 பாட்டு தெரிந்திருக்கும். ஆனால் எழுத்தைச் சொன்னால் ஒன்று கூட வராது! ஏன்?

பாட்டை நாம் மெட்டாக நினைவு வைத்திருக்கிறோம். படத்தின் பெயரோடு நினைவு வைத்திருக்கிறோம். பாடியவர் பெயரோடு நினைவு வைத்திருக்கிறோம். முதல் எழுத்தை வைத்து யாரும் பாட்டை மனத்தில் அடுக்கி வைப்பது இல்லை. பெயர் எழுதாத டப்பாக்களில் மளிகைச் சாமானைப் போட்டு வைத்த மாதிரிதான். சாமான் உள்ளே இருக்கிறது. எந்த டப்பாவில் என்பதுதான் தெரியவில்லை.

அதனால் விவரமான பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவார்கள். "க" ஒரு பக்கம். "கா" ஒரு பக்கம். "கி" ஒரு பக்கம். பாட்டின் முதல் அடியை மட்டும் அந்தந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்.

இதுவும் புதிய யோசனை அல்ல. தேவாரப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். திவ்வியப் பிரபந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். "பாட்டு முதற்குறிப்பு அகராதி" என்று ஒன்று இருக்கும். எந்தப் பாட்டு எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள்.

முரட்டு எழுத்துக்கள்

தமிழில் எழுத்துக்கள் மொத்தம் 247. உயிர் 12. மெய் 18. உயிர்மெய் 216. ஆய்தம் 1.

இவை எல்லாம் சொல்லுக்கு முதலில் வருமா? வராது!

13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் "நன்னூல்" என்ற இலக்கணம் எழுதினார். அவர் கணக்குப்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை 103 எழுத்துக்கள்தான். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய 8 வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது.

ஆனால் சொல்லின் கடைசியில் இவற்றில் பல தாராளமாக வரும். "அவன்" என்பதில் கடைசி "ன்". "அவள்" என்பதில் "ள்". "கண்" என்பதில் "ண்". "தமிழ்" என்பதில் "ழ்". அதாவது, முடிப்பது சுலபம், தொடங்குவது கஷ்டம்! ஆட்டம் சிக்கிக் கொள்ளும் இடம் இதுதான்.

வெளியில் இருந்து வந்த சொற்கள் கொஞ்சம் கை கொடுத்தன. "ராஜா", "ரோஜா", "லட்சுமி" என்று இப்போது எழுதுகிறோம். பழைய முறைப்படி எழுதுகிறவர்கள் "இராமன்", "இலங்கை" என்று முன்னால் ஓர் உயிர் எழுத்தைச் சேர்ப்பார்கள். சினிமாப் பாட்டில் "ரா"வும் "லா"வும் இருக்கின்றன. அதனால் ஆட்டத்தில் அவை பிழைத்துக் கொண்டன.

"ன"வுக்குப் பதில் "ந" என்று பல வீடுகளில் ஒப்புக் கொள்கிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று சமாதானம். "ழ", "ள" வந்தால் வீட்டுக்கு வீடு சட்டம் மாறும். சண்டையும் அங்கேதான் வரும்.

இந்தச் சண்டையைத் தீர்க்க அவ்வையார் ஒரு வழி வைத்திருக்கிறார்!

ஆத்திசூடியை நினைத்துப் பாருங்கள். அது எழுத்து வரிசையில் போகிறது. "அ"வுக்கு ஒன்று. "ஆ"வுக்கு ஒன்று. அப்படியே போனால் "ட" வரும். "ழ" வரும். "ள" வரும். அவ்வையார் என்ன செய்தார்? அந்த எழுத்துக்கு முன்னால் ஓர் உயிர் எழுத்தைப் போட்டார். "ட"வுக்கு "இடம்". "ழ"வுக்கு "அழகு". "ள"வுக்கு "இளமை". முரட்டு எழுத்து இரண்டாவது இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்து கொண்டது.

நம் ஆட்டத்துக்கும் அதே சட்டத்தை வைக்கலாம். "ழ" வந்தால், இரண்டாவது எழுத்து "ழ"வாக உள்ள பாட்டைப் பாடலாம். "அழகு" என்று தொடங்கும் பாட்டு எத்தனை இல்லை? சண்டையும் இல்லை. சமாதானமும் தேவை இல்லை.

ஜப்பானில் சோறு என்றால் தோல்வி

கடல் தாண்டி ஜப்பானிலும் இதே மாதிரி விளையாட்டு உண்டு. அதன் பெயர் "ஷிரிதோரி". "பின்னால் இருப்பதைப் பிடித்தல்" என்று பொருள். அங்கே சின்னக் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை ஆடுவார்கள்.

ஒருவர் "சகுரா" என்பார். ஜப்பானியருக்கு மிகவும் பிடித்த பூ அது. அடுத்தவர் "ரா"வைப் பிடித்து "ராஜியோ" என்பார். ரேடியோவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதில் "ஓ"வைப் பிடித்து, அடுத்தவர் "ஒனிகிரி" என்பார். அது சோற்று உருண்டை. பிறகு "ரி"யில் "ரிங்கோ". அது ஆப்பிள் பழம். அடுத்தவர் அவசரப்பட்டு "கோ"வில் "கோஹன்" என்று சொல்லி விட்டால், ஆட்டம் தீர்ந்தது!

"கோஹன்" என்றால் சோறு. அது "ன்" என்று முடிகிறது. அந்த எழுத்தில் தொடங்கும் சொல் ஜப்பானிய மொழியில் கிடையாது. எனவே "ன்" என்று முடித்தவர் தோற்றார் என்பது சட்டம். நமக்கு 8 வரிசை முரட்டு எழுத்து. அவர்களுக்கு ஒரே ஓர் எழுத்து. பாவம், சோறு என்று சொன்னவருக்குத் தோல்வி!

இதைப் பாட்டோடு சேர்த்தும் ஆடுகிறார்கள். "கரவோகே" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வாத்திய இசை மட்டும் ஓடும். பாட்டை நாம் பாட வேண்டும். "கரா" என்றால் வெறுமை. "ஓகே" என்பது வாத்தியக் குழுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1971-ம் ஆண்டில் கோபே நகரத்து இசைக்காரர் டைசுகே இனோவே, காசு போட்டால் இசை வரும் கரவோகே பெட்டியைச் செய்தார். இன்று நண்பர்கள் கரவோகே அறையில் உட்கார்ந்து, ஒரு பாட்டின் பெயர் முடிந்த எழுத்தில் அடுத்த பாட்டைத் தேடிப் பாடுகிறார்கள். அங்கேயும் கஷ்டம் ஒன்றுதான். பாட்டு தெரியும். எழுத்துக்குப் பாட்டு வராது!

அந்தம் ஆதி ஆகும்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

தமிழில் "அந்தாதி" என்று ஒரு கட்டு உண்டு. "அந்தம்" என்றால் முடிவு. "ஆதி" என்றால் தொடக்கம். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வந்தால் அது அந்தாதி.

ஓர் எழுத்து மட்டும் திரும்பி வரலாம். ஓர் அசை வரலாம். ஒரு சீர் முழுவதும் வரலாம். ஓர் அடியே திரும்பி வரலாம். இலக்கண நூல்கள் இப்படி 4 வகை சொல்கின்றன. ரெயிலில் நாம் ஆடுவது முதல் வகை. வித்தியாசம் ஒன்று உண்டு. ஆட்டத்தில் பாட்டு பல பேருடையது. அந்தாதியில் எல்லாப் பாட்டையும் ஒருவரே பாடுவார். 100 பாட்டு பாடுவது வழக்கம்.

காரைக்கால் அம்மையார் பாடிய "அற்புதத் திருவந்தாதி" மிகப் பழைய அந்தாதி. அதில் 101 பாட்டு.

பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் ஆளுக்கு ஓர் அந்தாதி பாடினார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. இடம் திருக்கோவிலூர். இப்போது அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 1993 வரை, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது.

இரவு நேரம். நல்ல மழை. ஒரு வீட்டின் இடைகழியில் ஒருவர் ஒதுங்கிப் படுத்தார். இன்னொருவர் வந்தார். "ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம்" என்று உட்கார்ந்து கொண்டார்கள். மூன்றாமவர் வந்தார். "மூவர் நிற்கலாம்" என்று எழுந்து நின்றார்கள். நாலாவதாக யாரோ வந்து நெருக்குவது போல் இருந்தது. திருமால்தான் வந்தார் என்று உணர்ந்து மூவரும் பாடினார்கள் என்பது கதை. மூன்று அந்தாதி. 300 பாட்டு.

கடலூரிலேயே உள்ள திருப்பாதிரிப்புலியூருக்கு ஒரு கலம்பகம் இருக்கிறது. தொல்காப்பியத் தேவர் பாடியது. கலம்பகத்தில் பல வகைப் பாட்டு கலந்து வரும். அவற்றைக் கட்டும் நார் அந்தாதிதான். சேரமான் பெருமாள் நாயனார் தில்லைக்கு வந்து "பொன்வண்ணத்தந்தாதி" பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தில்லை என்பது சிதம்பரம். முஸ்லிம் புலவர்களும் கிறிஸ்தவப் புலவர்களும் தமிழில் அந்தாதி பாடியிருக்கிறார்கள்.

புலவர்கள் ஏன் இப்படிக் கட்டிக் கட்டிப் பாடினார்கள்? அழகுக்காகவா? அழகும் உண்டு. அதைவிடப் பெரிய பலன் ஒன்றும் உண்டு. காணாமல் போன பாட்டுக்களின் கதையைக் கேட்டால் அது தெரியும்.

பத்துப் பாட்டு வந்தது, மற்றவை எங்கே?

சிதம்பரத்துக்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் இருக்கிறது. வீராணம் ஏரிக்கரை ஊர். வீரநாராயணபுரம் என்பது பழைய பெயர். அங்கே நாதமுனிகள் என்ற பெரியவர் வாழ்ந்தார். ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

ஒரு நாள் வெளியூர் யாத்திரிகர்கள் சிலர் கோயிலுக்கு வந்தார்கள். குடந்தைப் பெருமாளைப் பற்றிப் பத்துப் பாட்டும், முடிவுப் பாட்டும் பாடினார்கள். நாதமுனிகள் மெய்மறந்து கேட்டார். முடிவுப் பாட்டில் ஒரு விஷயம் அவர் காதில் பட்டது. "ஆயிரத்தில் இது பத்து" என்று அதில் வந்தது!

"மிச்சப் பாட்டு எங்கே?" என்று கேட்டார்.

"எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்றார்கள்.

நாதமுனிகள் விடவில்லை. குடந்தைக்குப் போனார். அங்கேயும் மிச்சம் கிடைக்கவில்லை. பாடியவர் நம்மாழ்வார். அவர் ஊர் தெற்கே தாமிரபரணிக் கரையில் உள்ள குருகூர். அங்கேயும் போனார். ஆழ்வாரின் சீடர் மதுரகவி பாடிய "கண்ணிநுண் சிறுத்தாம்பு" என்ற 11 பாட்டுதான் அங்கே கிடைத்தது. அதுவும் ஓர் அந்தாதி!

அந்த 11 பாட்டையும் 12,000 தடவை சொன்னார். நம்மாழ்வார் தோன்றி, தம் பாட்டோடு மற்ற ஆழ்வார்கள் பாட்டையும் தந்தார் என்பது வைணவர்களின் நம்பிக்கை. அப்படித் திரண்டதுதான் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். நாதமுனிகள் அதற்கு இசை வகுத்தார். தம் மருமக்கள் இருவருக்கும் கற்றுக் கொடுத்தார்.

முதலில் கேட்ட அந்தப் பாட்டுக்கள் நம்மாழ்வாரின் "திருவாய்மொழி"யைச் சேர்ந்தவை. திருவாய்மொழியில் 1,102 பாட்டு. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அந்தாதி! முதல் பாட்டு "உயர்வு" என்ற சொல்லில் தொடங்குகிறது. 1,102-வது பாட்டு "உயர்ந்தே" என்று முடிகிறது. வட்டமாகக் கோத்த மாலை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாலையில் இருந்து ஒரு துண்டு அறுந்து வந்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் நார் நீட்டிக் கொண்டிருக்கும். யாத்திரிகர்கள் பாடியதும் அப்படிப்பட்ட துண்டுதான். முன்னால் ஒரு பாட்டு உண்டு, பின்னால் ஒரு பாட்டு உண்டு என்று கட்டே காட்டும். காணாமல் போனது எங்கே இருந்தது என்பது தெரியும்.

தில்லையில் பூட்டிய அறை

இரண்டாவது கதையும் பக்கத்து ஊரில்தான்.

சிதம்பரத்தில் இருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் திருநாரையூர் இருக்கிறது. அங்கே பிறந்தவர் நம்பியாண்டார் நம்பி. சின்னப் பையனாக இருக்கும்போது அவர் கொடுத்த நிவேதனத்தைப் பொல்லாப் பிள்ளையார் உண்டார் என்று "திருமுறை கண்ட புராணம்" சொல்கிறது.

அந்தச் செய்தி சோழ ராஜாவுக்கு எட்டியது. ராஜராஜ சோழன் என்று மரபு சொல்லும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரம் முழுவதும் எங்கே என்று ராஜாவுக்கு வெகு நாளாகக் கவலை. நம்பி பிள்ளையாரிடம் கேட்டார். "தில்லைக் கோயிலில் ஓர் அறையில் ஏடுகள் இருக்கின்றன" என்று பதில் வந்தது.

ராஜா தில்லைக்கு வந்தார். அறை பூட்டி இருந்தது. "பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம்" என்றார்கள் தீட்சிதர்கள். மூவரும் மறைந்து பல காலம் ஆகி விட்டதே! ராஜா யோசித்தார். மூவரின் திருவுருவங்களையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டு வரச் செய்தார். "இதோ, மூவரும் வந்து விட்டார்கள்" என்றார்.

அறை திறந்தது. உள்ளே ஏடு தெரியவில்லை. புற்றுதான் தெரிந்தது! எண்ணெயை ஊற்றிப் புற்றைக் கரைத்தார்கள். பெரும் பகுதியைக் கறையான் தின்று விட்டது. மிஞ்சிய ஏடுகளை எடுத்து நம்பி வகைப்படுத்தினார்.

மூவரும் பாடியவை ஒரு லட்சத்து 3 ஆயிரம் பதிகம் என்று மரபு சொல்லும். ஒரு பதிகத்தில் பத்துப் பாட்டு வரும். இன்று நமக்குக் கிடைப்பது 8,200 பாட்டுக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

தேவாரப் பதிகங்கள் ஒன்றோடு ஒன்று கோக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் தனிப்பூ. பூ உதிர்ந்து போனால், எந்தப் பூ எங்கே இருந்தது என்று எப்படிச் சொல்வது?

அதே நம்பி பிறகு 63 நாயன்மார்களைப் பற்றிப் பாடினார். "திருத்தொண்டர் திருவந்தாதி" என்பது அதன் பெயர். அந்தாதியாகவே பாடினார்! சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோது அவருக்கு அது வழி காட்டியது. பெரியபுராணம் அரங்கேறிய இடம் சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம்.

சங்கிலி செய்யும் காவல்

ஏடு எல்லோரிடமும் இல்லாத காலம் அது. எழுத்து தெரிந்தவர்களும் குறைவு. பாட்டு வாயில் இருந்து காதுக்குப் போகும். காதில் இருந்து மனத்துக்குப் போகும். ஏட்டைக் கறையான் தின்னும். மனத்தை மறதி தின்னும்.

அந்தாதி இதற்கு ஒரு காவல்.

ஒரு பாட்டின் கடைசிச் சொல்லைச் சொன்னதும் அடுத்த பாட்டு தானே நாக்கில் வந்து நிற்கும். நடுவில் ஒரு பாட்டை விட்டு விட்டால் உடனே தெரியும். முன்பின் மாற்றினாலும் தெரியும். யாராவது தம் சொந்தப் பாட்டைச் செருகினால் அதுவும் பிடிபடும். படிக்கத் தெரியாத பாட்டி கூட "அபிராமி அந்தாதி" 100 பாட்டும் வரிசை தவறாமல் சொல்வதை இன்றும் பல வீடுகளில் கேட்கலாம். சரபோஜி மன்னர் காலத்தில் திருக்கடையூரில் அபிராமி பட்டர் பாடிய அந்தாதி அது. அதுவும் வட்டம்தான். முதல் பாட்டு தொடங்கும் சொல்லில் நூறாவது பாட்டு முடிகிறது.

காதுக்கு ஆபத்து!

அந்தாதியை வைத்துப் பயங்கரமான பந்தயமும் நடந்ததாக ஒரு கதை உண்டு.

வில்லிபுத்தூரார் பெரும் புலவர். பாரதத்தைத் தமிழில் பாடியவர். அவர் கையில் ஒரு துறட்டி இருக்குமாம். மற்றப் புலவர்களை வாதுக்கு அழைப்பார். தோற்றவர் காதை அறுத்து விடுவார்!

அருணகிரிநாதர் அவரோடு வாதுக்கு உட்கார்ந்தார். "கந்தர் அந்தாதி"யை ஒவ்வொரு பாட்டாகப் பாடினார். வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்லிக் கொண்டே வந்தார். 53 பாட்டு ஆயிற்று. 54-வது பாட்டு வந்தது. அது முழுவதும் "த" வரிசை எழுத்துக்கள்தான்! வேறு எழுத்தே கிடையாது. வில்லிபுத்தூரார் திகைத்தார். பொருள் தெரியவில்லை. தோல்வியை ஒப்புக் கொண்டார்.

அருணகிரிநாதர் காதை அறுத்தாரா? இல்லை. மன்னித்தார். துறட்டியைத் தூக்கி எறியச் சொன்னார்.

நம் ரெயில் ஆட்டத்தில் தோற்றவர்களுக்குக் காது போகாது. கடலை வாங்கிக் கொடுத்தால் போதும்!

ரேடியோவில், சினிமாவில்

இந்தப் பழைய கட்டு ரேடியோ வந்ததும் புது உருவம் எடுத்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி நன்றாகக் கேட்கும். மாலை வேளையில் டீக்கடைகளில் அந்தப் பாட்டுத்தான். பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய "பாட்டுக்குப் பாட்டு" பெரும் புகழ் பெற்றது. எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்தில் தொடங்கும் சினிமாப் பாட்டைப் பாட வேண்டும். பிற்காலத்தில் அது டெலிவிஷனுக்கும் வந்தது. வட இந்தியாவில் 1993-ல் ஜீ டெலிவிஷனில் "அந்தாக்ஷரி" தொடங்கியது.

சினிமாப் பாட்டிலும் அந்தாதி உண்டு. 1976-ல் கே.பாலசந்தரின் "மூன்று முடிச்சு" வெளிவந்தது. அதில் "வசந்த கால நதிகளிலே" என்ற பாட்டைக் கண்ணதாசன் எழுதினார். எம்.எஸ்.விசுவநாதன் இசை. ஓர் அடி முடிந்த சொல்லில் அடுத்த அடி தொடங்கும். காரைக்கால் அம்மையார் பிடித்த அதே நாரை, கண்ணதாசன் சினிமாவில் பிடித்தார்!

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம்

இன்று கறையான் பயம் இல்லை. செல்போனில் ஆயிரக்கணக்கான பாட்டு இருக்கிறது. முதல் இரண்டு சொல்லைத் தட்டினால் பாட்டு வந்து விடும்.

ஆனால் அந்த முதல் இரண்டு சொல் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! அதை மறந்து விட்டால் எந்தப் பெட்டியில் இருந்து என்ன பயன்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செல்போனில் ஏறாத பாட்டுக்கள் பல இருக்கின்றன. பாட்டி பாடிய தாலாட்டு. வீராணம் பாசன வயல்களில் நடவு நட்டவர்கள் பாடிய பாட்டு. கடலூர்க் கரையில் வலை இழுத்தவர்கள் பாடிய பாட்டு. இவை அந்தாதியாகக் கோக்கப்பட்டவை அல்ல. தனிப்பூக்கள். அவற்றைப் பாடியவர் போய் விட்டால், போனது எது என்று கூடத் தெரியாமல் போய் விடும். அவற்றைத் தேட நாதமுனிகளும் நம்பியும் மறுபடி வருவார்களா?

எனவே அடுத்த தடவை ஆட உட்காரும்போது ஒரு சட்டம் சேர்த்துக் கொள்ளலாம். பத்துப் பாட்டுக்கு ஒரு பாட்டு, சினிமாவில் வராத பாட்டாக இருக்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் எந்தக் கட்சியில் இருக்கிறார்களோ, அந்தக் கட்சிக்கு அன்றைக்கு வெற்றி நிச்சயம்!

வந்த பாட்டை அப்படியே விட்டு விடக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் எழுத்தின் பக்கத்தில் முதல் அடி. கீழே மிச்சப் பாட்டு. பாடத் தெரிந்தவர் சொல்லட்டும். புதிதாக எழுதப் படித்தவர் எழுதட்டும். எழுத்துப் பழகினதும் ஆயிற்று. பாட்டு பிழைத்ததும் ஆயிற்று.

"அ" பக்கத்தில் இருந்து தொடங்கலாம். முதல் பாட்டைப் பாட்டியிடமே கேட்கலாம்.